செக்ரோலில் பேர் வெட்டிய பிறகு மலையகத்து முதியவரை யார் பார்ப்பது?

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் தனியாக இருக்கிறார். வயது 73. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. போன வருசம் பக்கவாதம் அடித்ததில் இடது கை, கால் சரியாக வேலை செய்வதில்லை. தங்கச்சி வெளிநாட்டில். "கையில் இருக்கிற காசுக்குள் அம்மாவை மரியாதையாகப் பார்த்துக்கொள்ள என்ன வழி? கடைசியில் முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் முதியோர் காரியமாகப் பல வருசம் அலைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இல்லத்தில் விட வேண்டியதில்லை தம்பி. அம்மாவை அவருடைய காம்பராவிலேயே (வீட்டு அறையிலேயே) வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு வேலை நடக்க வேண்டும். அம்மாவின் பேர் அரசாங்கத்தின் ஏடுகளில் ஏற வேண்டும். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்து ஒரு ஆள் சம்பளத்துக்குப் பார்க்க வேண்டும். இரண்டில் முதலாவதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அதனால் இரண்டாவதுக்குக் காசு போதாமல் போகிறது.

தோட்டத்தில் கிடைத்த வசதி எல்லாமே செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் பதிவில், பேர் உள்ளவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. தாய் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதால் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வந்தது. ஆள் மறுநாள் பிரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) வந்து நிற்க வேண்டும் என்பதால் டிஸ்பென்சரி வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போனபோதும், 1992இல் கம்பெனிகளிடம் போனபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. வயது போய்ப் பேரை வெட்டிய அன்றே அம்மாயியும் தாத்தாவும் தோட்டக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மருந்தோ, ஆஸ்பத்திரிக்குப் போக லொறியோ கிடைத்தால் அது ஒரு துரையின் (தோட்ட மனேஜரின்), ஒரு மருந்துக்காரரின் நல்ல மனசு. உரிமையாக எதுவும் இல்லை.

சரி, தோட்டம் விட்டால் அரசாங்கம் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அங்கேயும் இடைவெளி. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிப்பதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. அம்பகமுவ போன்ற ஒரே பிரதேச செயலகத்தின் கீழ் 2012 கணக்கெடுப்பின்படி 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். ஒரு உத்தியோகத்தர் எத்தனை லயத்துக்கு ஏறி இறங்க முடியும்? அம்மாவைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அடையாள அட்டை. 1950களில் தோட்டத்தில் பிறந்தவர்களுடைய பிறப்புப் பதிவு ஒழுங்காக இருப்பது அபூர்வம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை அங்குமிங்குமாகப் பிரித்தது. 2003இல் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வரும்வரை பிரஜாவுரிமைக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும், பேரை ஒவ்வொரு கடதாசியாக வைத்துப் பாருங்கள். அடையாள அட்டையில் இராமாயி, தோட்டப் பதிவில் ராமாய், சிங்களத்தில் எழுதிய சான்றிதழில் ரமை. இந்த மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு உறுதிக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். இதை அம்மா பேசக்கூடிய, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே செய்யுங்கள்.

பிறகு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே முதியோர் உரிமைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயது தாண்டிய எவரும் முதியவர். அவர்களுக்கென்று தனி அடையாள அட்டை உண்டு. அது கையில் இருந்தால் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் முன்னுரிமை கேட்கலாம். 70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கப்பட்டது. அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணத் திட்டத்தின் பட்டியலில் அம்மாவின் குடும்பம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டு, மேன்முறையீட்டுக் காலம் எப்போது என்று எழுதி வாங்குங்கள். சிங்களத்தில் மட்டும் படிவம் நீட்டினால் தயங்காமல் தமிழ்ப் படிவம் கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. புரியாத கடதாசியில் வயதானவரைக் கைநாட்டு வைக்க வைப்பது எனக்கு எப்போதும் பொறுக்காத விசயம்.

அந்தக் கொடுப்பனவை அம்மாவின் பேரிலேயே கணக்குத் திறந்து, அம்மாவின் கையிலேயே கொடுங்கள். அம்மா அதில் பேரப்பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கினாலும், மாரியம்மனுக்கு நூறு ரூபாய் எழுதினாலும் கேள்வி கேட்காதீர்கள். முப்பது நாற்பது வருசம் தன் கைக்காசில் வாழ்ந்தவர் திடீரென்று வெற்றிலைக்கு மருமகளிடம் கை நீட்டும் நிலை வந்தால், அந்த அவமானமே ஆளைப் பாதி படுக்கவைத்துவிடும்.

இனி பலர் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். அம்மா பேர் பதிந்து வேலை செய்தவர் என்றால், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) முழுவதும் எடுத்தாகிவிட்டதா? சர்வீஸ் காசு வந்ததா? இரண்டும் வேறு வேறு. ஈ.பி.எப். என்பது அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் சேர்ந்த சேமிப்பு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு எடுக்கலாம். அதோடு 3 வீத ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) தனி. சர்வீஸ் காசு என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி தோட்டம் கொடுக்க வேண்டியது. ஐந்து வருசத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய விகிதத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தோடு 30 வருச சேவையை முடித்த ஒருவருக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபாய் வர வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் அதற்கு மேலதிகமும் சேரும்.

ஆனால் நடப்பது என்ன? "கம்பெனியில் காசு இல்லை, பிறகு வாருங்கள்" என்று ஒபிஸில் சொல்லுவார்கள். ஆளும் திரும்பி வந்துவிடுவார். சிலருக்குத் துண்டு துண்டாக வரும். வாங்கிய காசு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எந்தக் கடதாசியும் இருக்காது. அம்மாவின் விசயத்தில் இப்படி ஏதாவது நின்றிருந்தால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அது தருமம் இல்லை, அம்மா கொழுந்துக் கூடையோடு மலை ஏறிச் சம்பாதித்தது. வந்த காசை மகனின் ஆட்டோவுக்கும் மகளின் கலியாணத்துக்கும் கொட்டிவிடாமல், ஒரு பங்கையாவது அம்மா பேரில் நிலையான வைப்பில் போட்டு வையுங்கள். பராமரிப்புக்கு மாசா மாசம் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதுதான் பாதிப் பதில்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் சிகிச்சை இலவசம், போய்ச் சேருவதுதான் செலவு. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் கட்டிய புதிய கட்டடத்தை 2017 மே மாதம் திறந்தார்கள். நுவரெலியாவில் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மேல் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருந்து கிளினிக் நாளில் ஆட்டோ பிடித்துப் போய் வந்தால், அந்த மாதக் கொடுப்பனவில் ஒரு பெரிய துண்டு அதிலேயே கரைந்துவிடும். அதனால் அதே கிளினிக்குக்குப் போகும் இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் ஒரே வண்டியில் போகிற மாதிரித் திகதியை மாற்றித் தரச் சொல்லி கிளினிக்கில் கேளுங்கள். நிலைமை சீராக இருக்கும் மாதங்களில் வீட்டு ஆள் ஒருவர் கிளினிக் கொப்பியோடு போய் மருந்தை எடுக்கலாமா என்றும் தாதியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உறை பற்றி ஒன்று. மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்தில் ஒரு பாட்டி ஆறு உறைகளை ஒரு ஷொப்பிங் பேக்கில் முடிந்து ஆணியில் மாட்டியிருந்தார். எழுதியிருந்தது ஒன்றும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. வெள்ளை வில்லை இரண்டு வகை, இரண்டும் ஒரே அளவு. பக்கத்துக் காம்பராவில் ஏழாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒவ்வொரு உறையிலும் பேனையால் சூரியனும் பிறை நிலாவும் வரைந்து, சாப்பிட்ட பிறகு போட வேண்டியதற்கு ஒரு சோற்றுக் கோப்பையும் வரைந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு பாட்டி மருந்தை மாற்றிப் போடவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். சீனி மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சில மருந்துகளுக்குச் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தனியாக இருப்பவருக்கு அது பெரிய ஆபத்து. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு பகல்வரை இருக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு தடவை வாதம் வந்தவருக்கு இன்னொரு தடவை வரக்கூடும். வாய் கோணினாலோ, கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, வாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பயன். அதுவும் எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். லயத்துக்குச் சரியான முகவரி கிடையாது என்பதால், தோட்டத்தின் பேர், டிவிசன், லய இலக்கம், வண்டி எதுவரை வரும், அங்கே யார் நிற்பார் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பதற்றத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்தே வாசித்துவிடும்.

மரியாதை என்ற வார்த்தையை நீங்கள் கேள்வியில் போட்டிருந்தீர்கள். லயத்தில் அது முதலில் கக்கூசில்தான் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, இஸ்தோப்பு (முன் திண்ணை), வடிகாணைத் தாண்டி இறங்கினால் தள்ளி ஒரு கக்கூஸ். இரவில் மழையில் ஒரு கை வழங்காதவர் எப்படி அங்கே போவார்? அதனால் பலர் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மலச்சிக்கல், சிறுநீர்க் கிருமி, மயக்கம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது. டவுனில் கொமோட் கதிரை வாங்கக் காசில்லாவிட்டால், கைப்பிடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தை நெருப்பில் காட்டி மழுக்கி, பழைய சைக்கிள் டியூப்பை ஓரம் முழுக்கச் சுற்றிக் கட்டினால் உடம்பை வெட்டாது. கீழே மூடி உள்ள ஒரு வாளி. சுற்றி ஒரு சேலைத் திரை. கதிரை சறுக்காமல் இருக்க நாலு காலுக்கும் கீழே பழைய ரப்பர் செருப்புத் துண்டு. குளிப்பாட்டுவதும் அந்தத் திரைக்குள்ளேதான். பொதுத் தண்ணீர்ப் பீலிக்குத் தூக்கிப்போய் நாலு பேர் பார்க்க உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவதை எந்தத் தாயும் விரும்ப மாட்டார். கட்டிலில் இருந்து கதிரை வரைக்கும் சுவரில் ஒரு கம்போ கயிறோ பிடிக்க இருக்கட்டும், இரவில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். விறகடுப்புப் புகை வரும் பக்கத்தில் படுக்கை வேண்டாம், முட்டு இழுக்கத் தொடங்கிவிடும். படுக்கையிலேயே கிடக்கும் நிலை வந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு தடவை படுக்கைப்புண் வந்தால் ஆற்றுவது மிகக் கஷ்டம்.

இப்போது ஆள் விசயம். நம் மலையகத்துப் பெண்கள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் மற்றவர்களுடைய தாய் தகப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறார்கள். வீட்டுப் பராமரிப்பில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்து இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, இந்த வேலை தெரிந்த கைகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன, லயத்தில் அதற்குச் சம்பளம் கொடுப்பார் யாரும் இல்லை என்பதுதான் குறை. 2024இல் தீர்மானித்த தோட்டச் சம்பளத்தையே அளவாக வைப்போம். 1,350 ரூபாய்ப்படி 25 நாளைக்கு ஒரு ஆளுக்கு 33,750 ரூபாய். உங்களால் தனியாக முடியாது. ஆனால் ஒரே லயத்தில், அடுத்த லயத்தில் உங்கள் அம்மா மாதிரி நாலு பேர் இருப்பார்கள். நாலு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்குள் வரும். காலையில் இரண்டு வீடு, பின்நேரம் இரண்டு வீடு. வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த, இந்த வேலை பழகிய அக்கா ஒருவரைத் தேடுங்கள். என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு, சுகமில்லாத நாளில் யார் வருவார், சம்பளம் எந்தத் திகதியில் என்று ஒரு கொப்பியில் எழுதி நாலு வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரப் பெண்ணிடம் "சும்மா கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவதில் இரண்டு பக்கமும் மனக்கசப்புத்தான் மிஞ்சும். பார்க்கிறவருக்கும் மரியாதை வேண்டும். தேசிய முதியோர் செயலகம் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. அவரைச் சேர்த்துவிட முடியுமா என்று அதே பிரதேச செயலக உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

முதியோர் இல்லத்தை நான் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. பார்க்க ஒருவரும் இல்லாதவர்களுக்கு அது தேவை. போவதென்றால் முதலில் அந்த இல்லம் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, அறிவிக்காமல் ஒரு பின்நேரம் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் பேசும் ஆள் இருக்கிறாரா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க முடியாத இடத்தில் நல்ல கட்டிலும் நல்ல சாப்பாடும் இருந்து என்ன? பிள்ளைகள் வசதியிருந்தும் கைவிட்டால் அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே சமரசமும் பேசுவார்கள், கட்டளையும் போடுவார்கள். உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாது, ஆனால் பக்கத்து லயத்தில் தேவைப்படும் யாருக்காவது சொல்லுங்கள்.

கடைசியாக, நாலு வீடு சேர்ந்து செய்வதற்கு மேல் செய்ய வேண்டியது. பிறப்புக் குறைந்து, குடும்பங்கள் டவுனுக்குப் போனதால் சில டிவிசன்களில் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், சமூக மண்டபங்கள் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் திறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை முதியோருக்கான பகல் நிலையமாக்கலாம். காலையில் வந்து, சூடான பகல் சாப்பாடு சாப்பிட்டு, பிரஷர் பார்த்து, நாலு பேரோடு பேசிவிட்டு, மகள் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். முதியோர் சங்கம் ஒன்றைப் பதிந்தால் அதன் பேரில் இதைக் கேட்கலாம். பிரதேச சபைக்கு இப்போது தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத் தடையும் இல்லை. தொழிற்சங்கங்களிடமும் கேளுங்கள். அம்மா வேலை செய்த காலம் முழுக்க மாதச் சந்தா அவருடைய சம்பளத்தில் இருந்து போயிருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் ஒவ்வொரு தடவையும், பேர் வெட்டியவர்களுக்கு டிஸ்பென்சரி மருந்தும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும், நிலுவை வைக்காமல் சர்வீஸ் காசும் என்று மூன்று வரியைக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று தோட்டத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த லீவில் வரும்போது அம்மாவின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கடதாசி, கிளினிக் கொப்பி நாலையும் போட்டோக் கொப்பி எடுத்து ஒரு ஃபைலில் போட்டு ஒரு செட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோங்கள். பேர் எங்கெங்கே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னீர்கள் என்றால், சத்தியக்கடதாசியில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன்.